சுவரில்லாமல் பெருகும் உயிர்

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே நானும் அப்பாவும் நலம். போனில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

செல்சுவர் இல்லாத பாக்டீரியா எப்படி இரண்டாகப் பிரியும் என்று கேட்டாய். சரியாக இரண்டாகத்தான் பிரிய வேண்டும் என்ற கட்டாயமே அதற்கு இல்லை. சுவருள்ள பாக்டீரியாதான் கணக்குப் பார்க்கும். நடுவில் எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் வளையமாகக் கூடும், அங்கே குறுக்குச் சுவர் எழும்பும், சம அளவில் இரண்டு செல்கள் கிடைக்கும். அந்த வளையத்தை எத்தனை வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! 2009இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் எரிங்டன் குழுவினர் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைச் சுவரில்லாமல் வளர்த்து, அந்த வளையப் புரதத்தின் மரபணுவையும் நீக்கிப் பார்த்தார்கள். அது பெருகிக்கொண்டேதான் இருந்தது.

2013இல் அதே குழு காரணத்தையும் கண்டது. செல் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை அது அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. உள்ளே இருக்கும் சரக்கைவிட மேல்தோல் அதிகமாகிவிடுகிறது. அளவு பெரிய சட்டை உடம்பில் சுருக்கம் விழுந்து நிற்பதுபோல, மிஞ்சிய சவ்வு உருண்டையாக நிற்க முடியாமல் நெளிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையின் ஓரத்தில் ஒரு புடைப்பு கிளம்பும். அது நீண்டு குழாயாகும். குழாய் இடையிடையே இறுகி மணிச்சரம்போல் ஆகும். பிறகு அறுந்து சிதறும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மரபுப்பொருள் கிடைத்த துண்டு மேலும் வளரும், கிடைக்காதது வீணாகும். இதை இயக்கத் தனிப் புரதக் கருவி எதுவும் வேண்டாம், சவ்வின் இயற்பியலே போதும். உலகின் முதல் செல்கள் இப்படித்தான் பெருகியிருக்கக்கூடும் என்று எரிங்டன் குழு கருதுகிறது. எனக்கும் அது மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

சுவரில்லாத இந்தப் பாக்டீரியாக்களுக்கு எல்-வடிவம் என்று பெயர் வைத்தவர் எம்மி கிளீனபெர்கர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஃபிராங்பர்ட்டில் வேலையை இழந்து லண்டன் வந்து, லிஸ்டர் என்ற மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் 1935இல் இதை விவரித்தார். அந்த ‘எல்’ லிஸ்டரின் முதலெழுத்து. நாடிழந்து வந்த ஒரு பெண் அத்தனை பொறுமையாகப் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அவரைப் பற்றித் தேடிப் படி.

நீ நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஆய்வு செய்யப் போகிறாய், அதனால் இதையும் சொல்ல வேண்டும். பென்சிலின் தாக்குவது சுவர் கட்டும் வேலையை. சுவரே இல்லாததை அது என்ன செய்யும்? சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் முதியவர்களின் சிறுநீரில் எல்-வடிவங்கள் இருப்பதை 2019இல் நியூகாசில் குழு காட்டியது. மருந்து நின்றதும் அவை மறுபடி சுவர் எழுப்பிக்கொள்ள முடியும். தொற்று திரும்புவதற்கு இதுவும் ஒரு வழியாக இருக்கலாம்.

எல்-வடிவங்களை வளர்க்கும்போது கவனம். வெறும் தண்ணீர் பட்டால் உள்ளே நீர் புகுந்து வெடித்துவிடும், அதனால் அவற்றை வளர்க்கும் கரைசலான ஊடகத்தில் சுக்ரோஸ் என்ற சர்க்கரை கலந்திருக்க வேண்டும். வேகமாகக் குலுக்காதே. உங்கள் ஆய்வகத்தில் எந்த ஊடகம் பயன்படுத்துகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். இரவு நேரம் கழித்து வேலை செய்தாலும் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா