"கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்" என்ற பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் செல்போனில் சரியாக வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். "கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், சரியாக வரும்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். இந்த ஒரு வரி நாலு நாளாக மனதை அறுக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதில்தான் பாதி வருமானம். நீங்கள் சொன்ன பதிலால் எனக்கு நஷ்டம் இல்லை. விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்த 60 ரூபாயைத் தருகிறவர்கள் யார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேனே. நாகலூரிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது, அதில் நெட்டும் இருக்கிறது. வெப்சைட்தான் அதில் வேலை செய்வதில்லை. என் கடையில் கரண்ட் இல்லாத நாளில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குப் போகிறார்கள். கம்ப்யூட்டரில் திறப்பது என்பது உங்கள் அலுவலகத்தில் அடுத்த மேஜைக்குப் போகிற வேலை, எங்கள் மலையில் அதற்கு ஒரு நாள் போய்விடும்.

போன மாதம் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார். 62 வயது. பிறந்த தேதியைக் கேட்கும் இடத்தில் காலண்டர் திறக்கிறது, அதுவும் இந்த மாதத்தில். ஒரு அம்புக்குறியை ஒரு தடவை தொட்டால் ஒரு மாதம் பின்னால் போகும். அவர் பிறந்த வருடத்துக்குப் போக எழுநூறு தடவைக்கு மேல் தொட வேண்டும். கடுகளவு அம்புக்குறி, காபிப் பழம் பறித்துக் காய்த்துப்போன விரல். பாதி வழியில் கை வேறெங்கோ பட்டு எல்லாம் அழிந்துவிட்டதாம். "எனக்குத்தான் தெரியலை கண்ணு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம் வைத்து, தொட்டதும் எண் பலகை வருகிற மாதிரி செய்திருந்தால் அவரே ஒரு நிமிடத்தில் முடித்திருப்பார்.

ஓடிபி கதை இன்னொன்று. விலை குறைந்த போன்களில் மெமரி குறைவு. எஸ்எம்எஸ் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பக்கம் புதிதாக லோடு ஆகி, நிரப்பியதெல்லாம் காலியாகிவிடும். நிரப்ப நிரப்பச் சேமித்து வைக்கிற மாதிரி செய்ய முடியாதா? முடியும். செய்வதில்லை. அப்புறம் தமிழில் மாற்றினால் வரும் கொடுமை. "சப்மிட்" என்ற சின்னச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் "சமர்ப்பிக்கவும்" என்று போடுகிறார்கள். பாதிச் சொல் வெளியே தொங்குகிறது, சில இடத்தில் பட்டனே ஸ்கிரீனுக்கு வெளியே போய்விடுகிறது.

நானும் 2012இல் சேலத்தில் ஆறு மாதம் வெப் டிசைனிங் படித்தவள். எந்த ஸ்கிரீனாக இருந்தாலும் பக்கத்தை 960 பிக்சல் (ஸ்கிரீனில் உள்ள புள்ளிகள்) அகலம் என்று நிரந்தரமாக வைத்துக் கட்டத்தான் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்கிரீனின் அகலத்துக்குத் தக்கபடி பக்கம் தானே ஒழுங்காகிக்கொள்ளும் முறைக்கு, ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வெப் டிசைனர் 2010லேயே 'ரெஸ்பான்சிவ்' என்று பெயர் வைத்து விளக்கிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செல்போனுக்கு ஒத்துவரும் பக்கங்களுக்கு செல்போன் தேடலில் முன்னுரிமை தருவோம் என்று கூகுள் 2015 ஏப்ரலிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இது நேற்று வந்த புது வித்தை இல்லை ஐயா. ஸ்கிரீனின் அகலத்துக்குத் தக்கபடி பக்கத்தைக் காட்டச் சொல்லி வெப்சைட் கோடிங்கில் எழுத, 'வியூபோர்ட்' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் போன் தன்னைப் பெரிய ஸ்கிரீன் என்று நினைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் எறும்பு அளவுக்குச் சுருக்கிக் காட்டும். அந்த ஒரு வரியைக்கூட எழுதாத வெப்சைட்டுகளை இன்றும் என் கடையில் பார்க்கிறேன்.

என் அண்ணன் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார். கடன் வாங்கி வெப்சைட் போட்டார். செய்து கொடுத்தவர் தன் மேஜையில் இருந்த பெரிய ஸ்கிரீனில் காட்டியபோது அழகாகத்தான் இருந்தது. கேமராவில் எடுத்த காபிப் பூ படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறார், ஒவ்வொன்றும் 4 எம்பி. மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும். வளைவில் வண்டியை நிறுத்தி அறை தேடுகிறவருக்கு அது எப்போது திறக்கும்? போன் நம்பரையும் படத்துக்குள் எழுதிவிட்டார், தொட்டால் அழைப்பு போகாது. அந்த மே மாத கோடை விழாவுக்கு அண்ணனின் அறைகள் காலியாகவே கிடந்தன.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள், கேள்வி கேட்டவரையே வேறு இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு அதே பகுதியில், செல்போனில் வேலை செய்யாவிட்டால் குறை அந்த வெப்சைட்டில்தான் என்று ஒரு வரி போடுங்கள். வெப்சைட் கட்டுகிறவர்கள் ஆறாயிரம் ரூபாய் போனில், சிக்னல் குறைந்த இடத்தில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு ஒப்படைக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று. உங்கள் செய்தித் தளத்திலேயே விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி மிகச் சிறியதாக இருக்கிறது. விரலால் தொடும் எதுவும் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது கூகுளே சொல்லும் அளவு. அதைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.