எண் நகர்கிறதா, சத்தம் நகர்கிறதா?

ஸ்கார்பரோ, டொரன்டோ
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

போன ஞாயிறு தொலைபேசியில் நான் "ரிசீவர்" என்றேன். நீங்கள் "ரேஷன்" என்று வாங்கிக்கொண்டு, கார்டு இன்னும் வரவில்லையா என்று வருத்தப்பட்டீர்கள். நடுவில் அம்மா புகுந்து விளக்கப் போய், கடைசியில் எனக்கே எதற்காக அழைத்தோம் என்பது மறந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தில் இருந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறையாவது படிப்பீர்கள்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். நாங்கள் இருப்பது நிலவறை. இங்கே 'பேஸ்மென்ட்' என்பார்கள். பாதாளம் என்று அம்மா கவலைப்பட வேண்டாம், ஜன்னல் இருக்கிறது. ஆனால் அது தரைமட்டத்தில் இருப்பதால் ஜனவரியிலிருந்து பனிதான் தெரிகிறது. நடைபாதையில் போகிறவர்களின் பூட்ஸ்களை வைத்தே உங்கள் பேத்தி ஆள் அடையாளம் சொல்கிறாள். மேலே வீட்டுக்கார அன்ரி. பருத்தித்துறைக்காரர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேதான் இருக்கிறார். இங்கு வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் எழுப்பியவை. சூடான காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய் எல்லா அறைகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பாக ஓடுகிறது. அதன் வழியே சூடு போகிறதோ இல்லையோ, பேச்சு நன்றாகப் போகிறது. அன்ரி மேலே குழாய் வாயில் குனிந்து "தம்பி, சாப்பிட்டாச்சோ?" என்றால் என் சமையலறையில் அசரீரி மாதிரி கேட்கும்.

டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வெளியே கால் வைக்க முடியாத குளிர். அப்படி ஒரு நாளில், பக்கத்துத் தெருவில் வீடு மாறிப் போகிறவர் ஒருவரிடம் பழைய ஹோம் தியேட்டர் ஒன்றை 80 டாலருக்கு வாங்கினேன். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ஒரு ரிசீவர், முன்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, தரையதிரும் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். ரேடியோ மெக்கானிக்கின் மகனுக்கு ஆறு ஸ்பீக்கரைச் சுற்றிக் கட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற கர்வம் எனக்கு. அந்தக் கர்வம் ஒரு வாரம் இருந்தது.

படத்தில் இருவர் பேசினால் ஒன்றும் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டுவேன். அடுத்த நொடி ஒரு கார் வெடிக்கும், வீடே அதிரும். குறைப்பேன், மறுபடி பேச்சு காணாமல் போகும். இதுவாவது போகட்டும். சில இரவுகளில் யாரும் தொடாமலே சத்தம் ஏறியது. குமிழைத் திருப்பிக் குறைக்கப் போனால் இறங்க வேண்டியது ஏறியது. ஒரு நாள் பதினொன்றரை மணிக்குக் குழாய் வழியே அன்ரியின் குரல்: "தம்பி, கீழே என்ன வெடித்தது?" மறுநாள் படியில் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்கள் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "வோல்டேஜ் பார்த்தாயா?" பார்த்தேன். இங்கே 120 வோல்ட், 60 சைக்கிள். மன்னார்குடியில் நம் கடையில் ஸ்டெபிலைசர் முள் ஆடியதுபோல இங்கே ஆடவில்லை. அதை முதல் நாளே தள்ளிவிட்டேன். இரண்டாவது கேள்வி, "கான்டாக்ட் பார்த்தாயா?" என்பது, அதாவது தொடுமுனைகள் சுத்தமாகத் தொடுகின்றனவா என்பது. அதை நான் பார்க்கவில்லை. இவ்வளவு நவீனமான பெட்டியில் கான்டாக்ட் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன். அதற்கான தண்டனையை ஒரு மாதம் அனுபவித்தேன்.

அந்த மாதம் முழுக்க நான் செய்தது, கடைக்கு வரும் வாடிக்கையாளர் நம்மிடம் கொண்டுவருவதற்கு முன் வீட்டிலேயே செய்துவிட்டு வருவாரே, அதேதான். ஒரே நேரத்தில் பத்து பட்டனை அழுத்துவது. உள்ளே என்னென்னவோ அமைப்புகள், எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு நாள் சரியானது. எதனால் என்று தெரியாததால் மறுநாள் கெட்டபோது திரும்பிப் போகவும் வழியில்லை. பழுது பார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் அவர்கள் கேட்ட தொகை, நான் பெட்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

அப்புறம்தான் புத்தி வந்து ஒரு நோட்டை எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவது, தொட்டதை எழுதி வைப்பது. எழுத ஆரம்பித்த இரண்டாம் நாளே ஒன்று புலப்பட்டது. ரிசீவரின் முகப்பில் ஒலியளவு எண்ணாகத் தெரிகிறது. சத்தம் ஏறும்போது அந்த எண்ணும் ஏறுகிறதா, இல்லை எண் அப்படியே நிற்கச் சத்தம் மட்டும் ஏறுகிறதா? எண் நகர்ந்தால் யாரோ, எதுவோ 'கூட்டு' என்று கட்டளை கொடுக்கிறது. எண் நிற்கிறது என்றால் கோளாறு படத்திலோ, கம்பியிலோ, ஒலியைப் பதப்படுத்தும் இடத்திலோ இருக்கிறது. நான் ஒரு வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு வியாதி.

எண் நிற்கும் வியாதியை முதலில் எடுத்துக்கொண்டேன். ஐந்து ஸ்பீக்கர் அமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. ரிசீவரே 'உஸ்ஸ்' என்று ஒரு சோதனை ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கராக அனுப்பும். சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியால் அளந்தால் எல்லாம் ஒரே அளவு, வழக்கமாக 75 டெசிபல், காட்ட வேண்டும். எனக்கு நடு ஸ்பீக்கர் மட்டும் 6 டெசிபல் குறைவாகக் காட்டியது. உங்கள் கணக்கில் சொன்னால் மின்னழுத்தத்தில் சரிபாதி. காரணம் என்ன தெரியுமா? பழைய உரிமையாளர் தன் அறைக்கு ஏற்ப வைத்த அளவுகள் அப்படியே உள்ளே கிடந்தன. அவர் வீட்டுக் கூடத்துக்குப் பொருந்திய கணக்கில் நான் என் நிலவறையில் படம் பார்த்திருக்கிறேன். போதாததற்கு அந்த ஸ்பீக்கரை நான் அலமாரிக்குள் ஆழத் தள்ளி வைத்திருந்தேன். விளிம்புக்கு இழுத்து, அளவைச் சரிசெய்ததும் பாதிப் படம் புரிந்தது.

இன்னொரு கூத்து. தொலைக்காட்சியில் 'தானியங்கி ஒலியளவு' என்று ஒன்று உண்டு. பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். ரிசீவரிலும் இரவு நேரத்துக்கென்று அதே வேலையைச் செய்யும் ஒன்று உண்டு. நான் இரண்டையும் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் கயிறு பிடித்தால் என்ன ஆகும்? ஆள் பேச்சை நிறுத்தியதும் பின்னணி இரைச்சல் மெல்ல எழும்பி வரும், அவர் வாயைத் திறந்ததும் பொத்தென்று அமுங்கும். யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுவதுபோல இருக்கும். தொலைக்காட்சியில் இருந்ததை அணைத்துவிட்டு ரிசீவரில் மட்டும் விட்டேன். மூச்சு நின்றது.

விளம்பரம் வந்தால் அலறுமே, அதற்கு இந்த நாட்டில் விதியே போட்டிருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 1 முதல், விளம்பரத்தின் ஒலி நிகழ்ச்சியின் ஒலிக்கு இணங்க இருக்க வேண்டும் என்பது இங்குள்ள தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளை. அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

இனி எண் நகரும் வியாதி. இதற்குத்தான் உங்களிடம் தலை குனிகிறேன். முதலில் ரிமோட்டைச் சந்தேகித்தேன். பேத்தி அதில் ஆப்பிள் ஜூஸ் கொட்டியிருந்தாள், பட்டன் சிக்கிக்கொண்டிருக்கலாம். ரிமோட்டின் மூக்கைக் கைப்பேசி கேமராவுக்கு நேராகக் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதில் மினுக்கென்று தெரியும். நம் கடைக்கு இப்படி ஒன்று அப்போதே கிடைத்திருந்தால் எத்தனை ரிமோட்டைத் திறக்காமல் தப்பித்திருப்போம்! யாரும் அழுத்தாதபோது மினுங்கவில்லை. பேட்டரியையும் கழற்றிப் பார்த்தேன். தொலைக்காட்சியே ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக ரிசீவருக்குக் 'கூட்டு, குறை' என்று சொல்ல முடியும், அதையும் ஒரு நாள் துண்டித்துப் பார்த்தேன். அப்போதும் எண் ஏறியது. ஆனால் ரிமோட்டில் கூட்டினால் ஒவ்வொரு எண்ணாக ஒழுங்காக ஏறுகிறது. குமிழில் திருப்பினால்தான் தாவுகிறது, பின்னால் போகிறது.

குமிழைப் பிடுங்கினேன். உங்கள் காலத்து வால்யூம் கண்ட்ரோலில் கார்பன் பட்டை தேய்ந்து கரகரக்கும். இதில் கார்பனும் இல்லை, முடிவும் இல்லை. எவ்வளவு திருப்பினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இரண்டு தொடுமுனைகள் மாறி மாறித் தொட்டு விலகுகின்றன. எது முந்தித் தொட்டது என்பதை வைத்துத்தான் ஏற்றுவதா இறக்குவதா என்று பெட்டி முடிவு செய்கிறது. முனையில் அழுக்குப் படிந்தால் எண்ணிக்கை தவறிவிடும், திசை மாறிவிடும். நான் செய்த புண்ணியம், சப்வூஃபரை ரிசீவர் இருந்த அதே அலமாரியின் கீழ்த்தட்டில் திணித்திருந்தேன். கார் வெடிக்கும்போதெல்லாம் அலமாரி அதிர, அழுக்கு முனைகள் தாமே தொட்டு விலக, பெட்டி அதை யாரோ திருப்புவதாக எடுத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்ட, அலமாரி இன்னும் அதிர! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கான்டாக்ட்.

பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு விட்டுவைத்தேன். பெட்டியைத் திறக்கவில்லை என்றாலும், ஷாக் அடிக்காமலிருக்க நீங்கள் சொன்னபடி இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டேதான் வேலை செய்தேன். கான்டாக்ட் கிளீனர் இங்கே டின்னில் வருகிறது. தண்டின் ஓரமாக இரண்டு பீச்சு, ஐம்பது சுற்று இப்படி, ஐம்பது சுற்று அப்படி. நீங்கள் துடைக்கப் பயன்படுத்திய சி.டி.சி. (கார்பன் டெட்ராகுளோரைடு) பாட்டிலின் அந்தத் தித்திப்பு வாசனை இதில் இல்லை. அது உடம்புக்குக் கெடுதல் என்று இப்போது தெரிந்தாலும், மூக்கு அதைத்தான் தேடியது. மாலையில் மின்சாரம் கொடுத்துத் திருப்பினேன். மைனஸ் 40, 39, 38.

மைனஸ் என்றதும் நெற்றியைச் சுருக்குவீர்கள். இதில் பூஜ்யம்தான் திரையரங்கின் முழு அளவு, அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதைத்தான் எண் சொல்கிறது. அந்தப் பூஜ்யத்தில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து உச்சமாக 105 டெசிபல் வரை வரலாம். எங்கள் வீட்டுக்கும் அன்ரிக்கும் இடையிலான உடன்படிக்கை மைனஸ் 35. சப்வூஃபரும் இப்போது அலமாரியை விட்டு இறங்கி ரப்பர் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது.

இனிமேல் எழுதுவதைக் கோபிக்காமல் படியுங்கள். உங்கள் காது மிஷின் பீரோவில் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். போட்டால் எவர்சில்வர் தட்டு விழுவது தலைக்குள் இடி மாதிரி இருக்கிறது, ஆனால் பேத்தி பேசுவது மட்டும் விளங்கவில்லை என்றீர்களாம். அப்பா, இது என் ரிசீவரின் புகார் அல்லவா? அந்தக் கருவியும் சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அடக்குகிற வேலையைத்தான் செய்கிறது. எதை எவ்வளவு என்பதைக் கணினியில் இணைத்து மாற்றலாம். உங்களுக்கு வாங்கிய அன்று வைத்த அளவோடு சரி, அதற்குப் பிறகு அதைச் சரிசெய்யத் தஞ்சாவூருக்கு நீங்கள் போகவே இல்லை. அதை வைத்துக்கொண்டு கருவி மோசம் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். கடைக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தால் விட்டிருப்பீர்களா?

போவதற்கு முன் நீங்களே கான்டாக்ட் பாருங்கள். காதுக்குள் போகும் நுனியில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பேட்டரி துத்தநாகக் காற்று வகை. ஸ்டிக்கரை உரித்த உடனே போட்டுவிடாமல் ஒரு நிமிடம் காற்றுப் பட விட்டுப் போடுங்கள். பிறகு நான்கு நாள் அணிந்துகொண்டு, என்ன சத்தம் வலிக்கிறது, யார் பேச்சு, எங்கே உட்கார்ந்து பேசினால் விளங்கவில்லை என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். 'சரியில்லை' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மேல் உங்களுக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் மருமகள் தனியாக எழுதுகிறாள். அன்ரி உங்களை விசாரித்தார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: குமிழ் நேற்று மைனஸ் 36-இல் ஒரு முறை தயங்கியது. அந்தப் பாகத்தையே மாற்றிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. விலை சில டாலர்தான், ஆனால் முன்பலகையைக் கழற்றி ஐந்து கால்களின் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். பலகையின் செம்புத் தடம் பிய்ந்து வராமல் எப்படி எடுப்பீர்களோ, அதைப் படம் வரைந்து அனுப்புங்கள்.