பென்சில் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்கம்பக்கத்து முதியவர்களைக் கூட்டிவைத்துத் தன்னார்வலர்கள் நடத்திய ஒன்றுகூடல் பற்றி ஞாயிறு இணைப்பில் படித்தேன். "முதியோர் அனைவரும் தள்ளாமையை மறந்து குழந்தைகளாகவே மாறிப்போனார்கள்" என்று எழுதியிருக்கிறார் உங்கள் செய்தியாளர். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மாறவில்லை. கிழவனாகப் போனேன், கிழவனாகவே திரும்பி வந்தேன்.

கூட்டம் மாடியில். படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி, அதுவும் ஆட்டம் கண்டது. மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கொரு வண்ணத்துப்பூச்சிப் படமும் கலர் பென்சிலும் கொடுத்தார்கள். நான் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன். மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுக் கணக்கு பிசகாமல் சுற்றிய கை இது. அந்தக் கை கோட்டுக்கு வெளியே போகாமல் பச்சை அடித்ததற்கு ஒரு பெண் கைதட்டினாள். நன்றி.

தலைக்கு மேலே ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது. ஃபேனுக்கு வேகம் கொடுக்கும் கண்டன்சர் போயிருக்கும் என்று பார்த்ததுமே பட்டது. "நான் ஏற வேண்டாம், கீழே நின்று சொல்கிறேன், மெயினை அணைத்துவிட்டு அந்தத் தம்பி ஏறி மாற்றட்டும்" என்றேன். "நீங்க ரெஸ்ட் எடுங்க தாத்தா" என்று தோளைத் தட்டி உட்கார வைத்துவிட்டார்கள். எல்லோரும் வியர்த்துக்கொண்டே குழந்தைகளாக மாறினோம்.

அப்புறம் அந்த மைக்! வயதானால் முதலில் காதை விட்டுப் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், பேச்சு தெளியாது. எதிரே உட்கார்ந்து முகம் பார்த்து நிதானமாகப் பேசினாலே போதும். இது உங்கள் மருத்துவப் பக்கத்தில் நான் படித்ததுதான். அந்தப் பக்கத்தை இப்போது சாம்பல் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அச்சடிக்கிறீர்கள், பூதக்கண்ணாடிக்கும் பிடிபடவில்லை. குறுக்கெழுத்துக் கட்டங்களைச் சுருக்கியது பற்றியும் முன்பே எழுதினேன். பதில் இல்லை. போகட்டும்.

தனிமை ஆளைக் கொல்லும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஆண்டுக்கு 8,71,000 சாவுகளுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிக்கை விட்டது. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்றே அமைச்சர் போட்டன. அதனால் தன்னார்வலப் பிள்ளைகள் எங்களைத் தேடி வருவதையே குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனசுதான். ஆனால் அக்டோபர் 1, முதியோர் தினத்தன்று கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, மறுநாள் தெருவில் எதிரே வந்தால் எங்களை அடையாளம் தெரிவதில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு மாணவிக்கு மட்டும் நான் ஃபேனைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. பிறகொரு நாள் ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். றெக்கையைக் கழற்றி ஷாஃப்ட்டைச் சுற்றச் சொன்னேன், அசையவில்லை. ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷில் எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி பிடித்திருந்தது. அவளையே துடைக்க வைத்து, அவளையே எண்ணெய் விட வைத்தேன். விரலால் தட்டியதும் தானாகச் சுற்றியதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கையில் வேலை இருந்ததால் பேச்சு தன்னால் வந்தது. பரீட்சை பயத்தைச் சொன்னாள். மனைவி போன பிறகு சாயங்காலங்கள் எப்படிப் போகின்றன என்பதை, மகனிடம்கூடச் சொல்லாததை, நான் சொன்னேன். இதையெல்லாம் யாரும் படம் எடுக்கவில்லை, ஆகவே உங்கள் இணைப்பில் வராது.

ஆஸ்திரேலியாவில் 1990-களிலேயே இதைப் புரிந்துகொண்டு, வயதான ஆண்கள் கூடி மரவேலையும் பழுதுபார்ப்பும் செய்வதற்கென்று பட்டறைகள் தொடங்கினார்கள். 'மென்ஸ் ஷெட்' என்று பெயர். வேறு நாடுகளுக்கும் பரவிவிட்டது. அங்கே யாரும் வண்ணத்துப்பூச்சிக்குக் கலர் அடிக்கச் சொல்வதாகத் தெரியவில்லை. இங்கே தையல் தெரிந்தவர்கள், கணக்கு தெரிந்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் எல்லாம் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டு வாங்குகிறோம். என்ன தெரியும் என்று ஒருவராவது கேட்டாரா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மாதிரிக் கூட்டங்களை நடந்து முடிந்த பிறகு படத்தோடு போடுவதற்குப் பதில், முந்தின வாரமே போடுங்கள். எத்தனை மணிக்கு, மாடியா தரைத்தளமா, வருகிறவர் என்ன எடுத்து வரலாம், இவ்வளவுதான். நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வருகிறேன். இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், குறுக்கெழுத்தைச் சுருக்கியதில் மிச்சமான இடமே தாராளம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்