மகனை கனடாவுக்கு அனுப்புவது பற்றி

அன்பு மச்சான்,

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். குளிர்தான் இந்த வருடம் கொஞ்சம் கூட.

மகனை மாணவர் விசாவில் இங்கே அனுப்புவதற்குத் தோட்டக் காணியை விற்கலாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் கதைத்தால் பாதி சொல்லி பாதி விட்டுவிடுவேன் என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன். என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: காணியை விற்காதே. காரணம் கொஞ்சம் நீளம்.

நான் வந்த காலத்து கனடாவை மனதில் வைத்துத்தான் நீயும் யோசிக்கிறாய். அந்த நாடு கடந்த நான்கைந்து வருடங்களில் நன்றாக மாறிவிட்டது. 2023 ஜூன் மாதம் இந்த நாட்டின் சனத்தொகை 4 கோடியைத் தொட்டது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் கூடிய தொகை ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதையும் இரண்டு தரம் அள்ளிக்கொண்டு வந்து இறக்கியதற்குச் சமம். 3.2 சதவீத வளர்ச்சி. 1957க்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. அந்தக் கூடுதலில் 98 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்.

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத விசயம் ஒன்று இதில் இருக்கிறது. நிரந்தர வதிவிடம் கொடுத்து எடுத்தவர்கள் 4 இலட்சத்து 71 ஆயிரம் பேர்தான். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாணவர், தற்காலிக வேலையாள், அகதி விண்ணப்பதாரர் என்று தற்காலிக நிலையில் கூடியவர்கள். நிரந்தரமாக எத்தனை பேரை எடுப்பது என்று அரசாங்கம் வருடாவருடம் திட்டம் போட்டுப் பாராளுமன்றத்தில் வைக்கும். தற்காலிகமாக வருபவர்களுக்கு அப்படி ஒரு கணக்கே இருக்கவில்லை. முன்கதவில் ஆளை எண்ணிக்கொண்டு பின்கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

ஏன் திறந்துவிட்டார்கள்? காசுக்காக, மச்சான். நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசு 2019இல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு அதை உயரவே விடாமல் வைத்தது. கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் குறைந்த பணத்தை அரசு ஈடுசெய்யவில்லை. கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பிடித்தன. மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2021 அறிக்கையைப் பார்த்தால் விளங்கும்: ஒன்ராறியோவின் பொதுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்கள் 30 சதவீதம், ஆனால் படிப்புக் கட்டண வருமானத்தில் 68 சதவீதம் அவர்கள் கட்டியது. 2023-24 கல்வியாண்டில் நாடு முழுக்கப் பார்த்தால், பல்கலைக்கழக இளமாணிப் படிப்புக்குக் கனடியப் பிள்ளை வருடம் 7,000 டொலர் அளவில் கட்டும்போது வெளிநாட்டுப் பிள்ளை சராசரியாக 38,000 டொலருக்கு மேல் கட்டியது. பஞ்சாபில் வயல் விற்ற காசும் நம் ஊரில் காணி விற்ற காசும்தான் இங்கே கட்டடமாகவும் சம்பளமாகவும் மாறியது.

அதே நேரம் முதலாளிமாரும் ஆள் வேண்டும் என்று நின்றார்கள். பெருந்தொற்று முடிந்த கையோடு, 2022இல், நாடு முழுக்கக் காலியாக இருந்த வேலைகள் 10 இலட்சத்தைத் தொட்டன. மாணவர்கள் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்றிருந்த வரம்பை அந்த வருட நவம்பரில் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். நான் வேலை செய்யும் கிடங்கில் இரவு வேலைக்கு ஏஜென்சி அனுப்பிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மாணவர்கள். பகலில் வகுப்பு, இரவில் பெட்டி தூக்கல், விடிய பேருந்தில் நித்திரை. ஒருநாள்கூட ஒரு பிள்ளை சோம்பலாக நின்று நான் காணவில்லை.

இனி வீட்டு வாடகைக் கதை. இங்கே எல்லோரும் 'வந்தவர்களால்தான் வாடகை ஏறியது' என்கிறார்கள். அதில் உண்மை இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரே வருடத்தில் இத்தனை பேர் வந்தால் எங்கேயாவது படுக்கத்தானே வேண்டும். நாட்டின் மத்திய வங்கித் துணை ஆளுநர் ஒருவரும் 2023 டிசம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னார்: புதிதாக வருபவர்களால் உழைப்பு கூடுகிறது, ஆனால் வீடு கட்டும் வேகம் போதாததால் வீட்டுச் செலவில் அழுத்தம் ஏறுகிறது என்று. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதம் ஆகியது. மோர்ட்கேஜ் என்ற வீட்டுக் கடன் கட்டுகிற வீட்டுக்காரர் எல்லோரும் அந்தப் பாரத்தை வாடகைக்கு இருப்பவரின் தலையில் இறக்கப் பார்த்தார்கள். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடே இல்லை. பழைய வீட்டிலும், இருந்தவர் வெளியேறினால் அடுத்தவரிடம் எவ்வளவும் கேட்கலாம். ரொறன்ரோ நகரத்தின் பெரும்பகுதியில் தனி வீட்டைத் தவிர வேறு எதையும் கட்டவிடாத விதிகள் பல பத்து வருடமாக இருந்தன. இந்த விதிகளெல்லாம் அந்தப் பிள்ளைகள் விமானம் ஏற முன்பே இருந்தவை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். பேஸ்மென்ட் என்ற நிலக்கீழ் தளத்தை வாடகைக்கு விட்டு நம் ஆட்களும் நிறையக் காசு உழைத்தார்கள். ஒரு பேஸ்மென்டில் ஆறு ஏழு பிள்ளைகள், ஒரு குளியலறை, ஆளுக்கு 500, 600 டொலர். ஜன்னல் இல்லாத அறைக்கும் காசு. அதே ஆட்கள் கோயில் மண்டபத்தில் இருந்து, 'இந்தப் பெடியள் வந்துதான் நாடு கெட்டது, கதவை மூடவேண்டும்' என்று கதைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எங்களுக்கும் அதே கதைதானே அன்று சொன்னார்கள்? 1986 ஓகஸ்ட் மாதம் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் பத்திரிகைகளில் எவ்வளவு கோபம்! வரிசையில் வராமல் குறுக்கே வந்தவர்கள் என்றார்கள். பிரதமர் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்குவதற்கு அனுமதி கொடுத்தார். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது காலம் மாறிவிட்டது. அவர்களைச் சிறையில் வைத்தார்கள், அதைச் சாட்டி அகதிச் சட்டத்தையும் இறுக்கினார்கள். இத்தனையும் கண்ட நாங்கள் இன்று மற்றவனைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லக்கூடாது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடத்தில் ஒரு அறைக்குள் பாய் விரித்துப் படுத்தவர்கள்தானே இன்று மார்க்கம், ஏஜக்ஸ் என்று பெரிய வீடுகளில் இருக்கிறார்கள்.

சரி, இப்போது என்ன நிலைமை என்று கேட்பாய். காற்று மறுபக்கம் அடிக்கிறது. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு முதன்முதலாக உச்ச வரம்பு போட்டார்கள். அந்த வருட ஒக்டோபரில் நிரந்தர வதிவிடத்தையும் வெட்டினார்கள். 2025க்கு 5 இலட்சம் என்றிருந்தது 3 இலட்சத்து 95 ஆயிரமாகியது. அப்போதைய பிரதமர் ட்ரூடோவே தன் அரசு இன்னும் விரைவாகக் குறைத்திருக்கவேண்டும் என்று ஒத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு பிரதமரான கார்னியின் அரசு இன்னும் இறுக்கியது. 2026இல் புதிதாக எடுக்கப்போகும் மாணவர்கள் 1 இலட்சத்து 55 ஆயிரம் மட்டும். அதற்கு முதல் வருட இலக்கு 3 இலட்சத்துக்கு மேல்.

பலன் உடனே தெரிந்தது. 2025 யூலை முதல் செப்டெம்பர் வரையான மூன்று மாதத்தில் கனடாவின் சனத்தொகை கொஞ்சம் குறைந்தே விட்டது. கேட்கும் வாடகை முன்பைவிட இறங்கியிருக்கிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் பார். ஸ்காபரோவில் உள்ள சென்டெனியல் கல்லூரி 49 பாடநெறிகளை நிறுத்தி வைத்தது. மாகாணம் முழுக்கக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வேலை போனது. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. கொண்டுவந்ததும் அவசரம், வெட்டியதும் அவசரம். நடுவில் அகப்பட்டவர்கள், இரண்டு வருடம் படித்துக் கட்டணமும் கட்டி, வேலை அனுமதி முடியப்போகிறது என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். எங்கள் கிடங்கில் அப்படி ஒரு பெடியன் இருந்தான், கரவெட்டிப் பக்கம். முதலாளி எல்.எம்.ஐ.ஏ. கடிதம் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் பெறும் அனுமதிக் கடிதம்) தருவார், 30,000 டொலர் கொடு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதம் முதலாளி தன் செலவில் எடுத்துக் கொடுக்கவேண்டியது; விற்பது குற்றம். வேலைக் கடிதத்துக்கு நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் கிடைத்துவந்த மேலதிகப் புள்ளியையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அவன் கொடுக்கவில்லை.

வேலை நிலைமையும் முன்பு மாதிரி இல்லை. 2025 செப்டெம்பரில் 15 முதல் 24 வயது வரையானவர்களின் வேலையின்மை வீதம் 14.7 சதவீதம், பெருந்தொற்றுக் காலத்தை விட்டால் 2010க்குப் பிறகு இதுதான் கூட. என் கடைக்குட்டி கோடை முழுக்க விண்ணப்பம் போட்டான். ஒரு கோப்பிக் கடையிலிருந்துகூட அழைப்பு வரவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கே இதென்றால், மொழியும் பழக்கமும் புதிதாக வந்து இறங்கும் உன் மகனுக்கு எப்படி இருக்கும்?

இதற்காகக் கதவைப் பூட்டு என்பவர்களோடு நான் இல்லை. இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.25 பிள்ளைகள்தான். முதியோர் இல்லங்களில் இரவில் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் தெரியும்: பிலிப்பைன்ஸ், கேரளம், நம் ஆட்கள். ஆட்கள் வரத்தான் வேண்டும். எத்தனை பேர் என்று முதலே சொல்லி, அத்தனை பேருக்கு வீடும் வைத்தியரும் பள்ளியும் பார்த்து எடுக்கவேண்டும். வருபவனிடம் உண்மையைச் சொல்லவேண்டும். இந்த இரண்டும் நடக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

இப்போது மகன் விசயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்க, அதை விட்டுவிட்டு இங்கே இரண்டு வருட டிப்ளோமாவுக்கு வா என்று அந்த முகவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது மிகவும் பிழையான ஆலோசனை. 2024 நவம்பர் தொடக்கம் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி டிப்ளோமா மாணவர்களுக்கு எல்லாப் படிப்புக்கும் பின்னால் வேலை அனுமதி கிடைப்பதில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளின் பட்டியலில் அந்தப் படிப்பு இருந்தால்தான் உண்டு. கட்டணத்துக்கு மேலே, முதல் வருட வாழ்க்கைச் செலவுக்கு என்று 22,895 டொலர் காட்டவேண்டும். நம் காசில் 50 இலட்சம் ரூபாய் அளவில் வரும். அதற்குத்தான் உன் காணி.

அவன் பட்டத்தை முடிக்கட்டும். அது இலவசப் படிப்பு, ஒரு சதமும் கடன் இல்லை. 2026 தொடக்கம் பொதுப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் படிப்புக்கு வருபவர்களை அந்த உச்ச வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அந்த வழியில் வந்தால் மரியாதையாக வரலாம், படித்த பின் வேலை அனுமதிக்கும் நல்ல இடம் உண்டு. இல்லையென்றால் அங்கேயே இரண்டு மூன்று வருடம் தன் துறையில் வேலை செய்துவிட்டுப் புள்ளி முறையில் நேரே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். 29 வயது வரை வயதுக்கு முழுப் புள்ளி, அவசரப்பட ஒன்றுமில்லை. இந்த இடைக்காலத்தில் பிரெஞ்சு படித்தால் பெரிய உதவி. பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாக, குறைந்த புள்ளியில் எடுக்கிறார்கள். இங்கே இருக்கும் எத்தனையோ பேர் இதைத் தெரியாமல் முகவருக்குக் காசு கட்டிவிட்டு இருக்கிறார்கள்.

அவன் உன்னோடு கோபித்துக்கொண்டு திரிகிறான் என்று தங்கச்சி சொன்னாள். கூட்டாளிகள் எல்லோரும் போகும்போது தான் மட்டும் நிற்கிறேனே என்று இருக்கும். அவனுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு, ஆனால் என் சொல்லை வைத்து அவனை அடக்காதே. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் இரவு ஏழு, எட்டு மணிக்கு என்னை எடுக்கச் சொல். என்னோடு வேலை செய்த இரண்டு பிள்ளைகளையும் இணைப்பில் எடுக்கிறேன். அவர்கள் வாயாலேயே கேட்கட்டும்.

அந்த முகவர் தந்த தாளில் கல்லூரியின் பெயரும் பாடநெறியின் பெயரும் இருக்கும். படம் எடுத்து அனுப்பு, பட்டியலில் உண்டா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் அவருக்கு முற்பணம் எதுவும் கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் எவ்வளவு என்று எழுது, திருப்பி வாங்க என்ன வழி என்று யோசிப்போம்.

அன்புடன்,
உன் மச்சான்
ஸ்காபரோ