முன்னிலையில் இருந்து தோற்கும் இரவு: க்வாஸூலு-நட்டால் ரசிகர் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊர்களில் கால்பந்து ரசிகர் கிளைகளைக் கட்டிக்காக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், பஸ் ஏற்பாடு செய்பவர்களுக்கும், பொருளாளர்களுக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டு மேல் லீகில் யார் ஆடுவது என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்று வந்துவிட்டால் நம் கிளைகள் ஜெயிப்பதற்கு மட்டும்தான் தயாராகின்றன. கொடி, வுவுசெலா ஊதுகுழல், மக்கரப்பா என்னும் அலங்காரத் தலைக்கவசம், விருந்து வசூல் எல்லாமே வெற்றியை நம்பித்தான். தோற்றால் என்ன ஏற்பாடு என்று கேட்பதே அபசகுனம் என்று நினைக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தோல்விக்கான ஏற்பாட்டை ஆட்டத்துக்கு முந்தைய நாளே முடித்து, நம் அணி முன்னிலையில் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும். இறுதி விசில் ஊதிய பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

0-2 என்று பின்தங்கித் தோற்கும் கூட்டம் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தேற்றிக்கொள்ளும். சிலர் 80ஆவது நிமிடத்திலேயே கிளம்பிவிடுவார்கள். 1-0 என்று முன்னால் இருக்கும் கூட்டம் அப்படி இல்லை. அந்த நேரத்தில் யாரும் நாற்காலியில் இருக்கமாட்டார்கள். பாதிப் பேர் கீழே கம்பி வேலியோரம் இறங்கியிருப்பார்கள், குடித்தவர் கூடுதலாகக் குடித்திருப்பார், வீட்டுக்கு போன் போட்டு ஜெயித்துவிட்டோம் என்று சொல்லியிருப்பார்கள், பந்தயமும் கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் கோல் விழுந்தால் அத்தனை வேகமும் அப்படியே கோபமாகத் திரும்புகிறது.

கானாவின் அக்ராவில் 2001 மே 9 அன்று நடந்தது இதுதான். அசான்டே கோடோகோ 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் கடைசிக் கட்டத்தில் இரண்டு கோல் போட்டது. ஆத்திரத்தில் நாற்காலிகள் பறந்தன, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, பூட்டிக்கிடந்த வாசல்களில் நெரிந்து 126 பேர் இறந்தார்கள். பின்தங்கித் தோற்கும் கூட்டமும் சில நேரம் கொதிக்கும்: டர்பன் மோசஸ் மபீடா மைதானத்தில் 2018 ஏப்ரல் 21 அன்று, நெட்பேங்க் கோப்பை அரையிறுதியில் கைசர் சீஃப்ஸ் 0-2 என்று ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் தோற்றபோது ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் காவலர்களை அடித்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம்.

முதல் வேலை, கணக்கை எழுதி ஒட்டுவது. நம் லீகின் பிளே-ஆஃப் மூன்று அணிகள் மோதும் சிறு சுற்று: மேல் லீகான பிரீமியர்ஷிப்பில் 15ஆம் இடம் பிடித்த அணி, கீழ் லீகில் 2ஆம், 3ஆம் இடம் பிடித்த அணிகள். ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. முன்னிலையில் இருந்து ஒரு கோல் வாங்கிச் சமன் ஆனால் நமக்கு 2 புள்ளி போகிறது, எதிரணிக்கு 1 சேருகிறது. இடைவெளி 3 மாறிவிட்டது. இன்னொரு கோலும் விழுந்தால் மாற்றம் 6. 2023இல் மாரிட்ஸ்பர்க் யுனைடெட் கீழே இறங்கியதும் கேப்டவுன் ஸ்பர்ஸ் மேலே ஏறியதும் இந்தச் சுற்றில்தான். 2025இல் கேப்டவுன் சிட்டி இதே சுற்றில் இறங்கி, ஆர்பிட் காலேஜ் ஏறியது.

விதி தெரியாத கோபம்தான் அதிக ஆபத்தானது. 2023 மே 20 அன்று பிரிட்டோரியாவின் லாஃப்டஸ் மைதானத்தில், ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், நம் நாட்டு சண்டௌன்ஸ் இரண்டு முறை முன்னிலை பெற்று, 2-2 என்று முடித்து, மொராக்கோவின் விடாடிடம் வாய்ப்பை இழந்தது. முதல் ஆட்டம் 0-0. தோற்கவே இல்லை, வெளியூர் கோல் விதியில் (இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமன் ஆனால் எதிரணி ஊரில் அதிகக் கோல் போட்ட அணிக்கே வெற்றி) வெளியேறினார்கள். அந்த விதி தெரியாதவருக்கு அது நடுவர் செய்த திருட்டாகத்தான் தெரியும். ஆகவே ஜெயித்தால், டிரா ஆனால், தோற்றால் என்ன நிலை என்று மூன்று வரியில் ஒரு அட்டையில் எழுதி, பஸ்ஸின் முன்பக்கம் ஒட்டுங்கள். கூடுதல் நிமிடங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2025 மே 24 அன்று அதே மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதியின் முதல் ஆட்டம். 54ஆவது நிமிடத்தில் கோல் போட்ட சண்டௌன்ஸ் 90+4இல், அதாவது கூடுதல் நேரத்தின் நான்காம் நிமிடத்தில், எகிப்தின் பிரமிட்ஸ் அணிக்குச் சமன் கொடுத்தது. பிறகு கெய்ரோவில் 2-1 என்று தோற்றுக் கோப்பையையும் இழந்தது. 90 என்று கடிகாரம் காட்டும்போது நம் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. நம் கிளைகள் பிரியாணிப் பானையை வெற்றிக்குப் பிறகு திறக்க வைத்திருக்கின்றன. அதனால் எல்லாரும் வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள், சர்க்கரை நோய் உள்ள தாத்தாக்கள் மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறார்கள், தோற்றால் பானையை யாரும் தொடுவதே இல்லை. மைதானத்துக்குப் போவதாக இருந்தால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பரிமாறுங்கள். கூடத்தில் திரை போட்டுப் பார்ப்பதாக இருந்தால் இடைவேளைக்குள் முடியட்டும். 50 பேருக்கு 5 கிலோ அரிசி, 7 கிலோ கோழி, ஒன்றரைக் கிலோ மைசூர்ப் பருப்பு, 4 கிலோ உருளைக்கிழங்கு போதும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். கூடத்தில் பீர் இடைவேளையோடு சரி. 340 மில்லி பீர் ஒன்றை உடல் கழிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாதாரண ஓட்டுநரின் ரத்தத்தில் சட்டம் அனுமதிக்கும் மது அளவு 100 மில்லிக்கு 0.05 கிராம்தான். 80ஆவது நிமிட உற்சாகத்தில் குடித்ததுதான் இரவு பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது.

70ஆவது நிமிடத்தில், நாம் முன்னிலையில் இருந்தால், பொறுப்பாளர்கள் இருவர் எழுந்திருக்க வேண்டும். இதை வற்புறுத்திச் சொல்கிறோம். ஒருவர் நம் பகுதியின் வாசல் திறந்திருக்கிறதா, படிக்கட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்து வரவேண்டும். அடைத்திருந்தால் உடனே மைதான ஊழியரிடம் சொல்லுங்கள். விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென 2010இல் வந்த சட்டம் இருக்கிறது, அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இன்னொருவர் வேலியோரம் இறங்கிய பிள்ளைகளை மேலே வரிசைக்கு அழைத்து வரவேண்டும். தோற்ற பிறகு கூட்டத்தோடு ஓடாமல் 15 நிமிடம் அதே இடத்தில் உட்காருங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் நடுவில், இளைஞர்கள் வெளி ஓரத்தில். எதிரணி ரசிகர் கேலி செய்தால் பதில் வேண்டாம். ஒருவரை அடக்க அவருடைய நண்பரை அனுப்பாதீர்கள், அவரும் சேர்ந்து கொதிப்பார். அவருக்கு மாமா முறை, அக்கா முறை ஆகிறவர் போகட்டும்.

பஸ்ஸில் ஏறும்போது பெயர் கூப்பிட்டு எண்ணுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் 80 கிலோமீட்டர்தான். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து என்றால் 570, நடுவில் வான் ரீனன் கணவாய், குளிர்காலப் பனிமூட்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துங்கள். டிரைவர் நம் அணி ரசிகராக இருக்கவே கூடாது என்று நினைக்கிறோம். அப்படி இருந்தே தீருமானால் அவர் ஆட்டம் பார்க்காமல் தூங்கியிருக்க வேண்டும்.

இனி உடம்பு. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மூனிக் வட்டாரத்தில் இதய அவசரங்கள் 2.66 மடங்கு ஆனதாக ஆய்வு காட்டியது. 1998 ஜூன் 30 அன்று இங்கிலாந்து பெனால்டியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் அங்கே மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 25 சதவீதம் கூடினார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில் இதைத் தள்ளிவிட முடியாது. நெஞ்சுவலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை தெரிந்தால் ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியில் 112. சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் குமட்டலும் மட்டும் வரலாம். தோற்ற துக்கம்தான், சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கச் சொல்லலாமா என்று போனில் இருப்பவரையே கேளுங்கள்.

கிளைக் கூட்டங்களில் யாரும் எடுக்காத பேச்சு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் மூன்று உலகக் கோப்பைகளைப் பார்த்த ஆய்வில், இங்கிலாந்து தோற்ற நாட்களில் வீட்டு வன்முறைப் புகார்கள் 38 சதவீதமும், ஜெயித்த அல்லது டிரா செய்த நாட்களில் 26 சதவீதமும் கூடின. அமெரிக்க ஆய்வொன்றில், ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்பிய அணி தோற்றபோதுதான் ஆண்கள் வீட்டுக்குள் அடித்தது 10 சதவீதம் கூடியது. நம்பியிருந்து உடைவதுதான் மோசமானது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். அடி தோல்வியிலிருந்து வருவதில்லை, கையை ஓங்குகிறவனிடமிருந்து வருகிறது. குடித்துவிட்டுக் கொதிக்கும் ஒருவரை அந்த நிலையில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள்; அண்ணன் வீட்டிலோ கூடத்திலோ தூங்கட்டும். 0800 428 428 என்ற பெண்கள் உதவி எண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பும் டிக்கெட் செய்தியிலேயே சேருங்கள்.

வாட்ஸ்அப் குழுவை 80ஆவது நிமிடத்திலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரை, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். கோலை விட்ட ஆட்டக்காரனின் நிறத்தைப் பேசும் வரி அந்த இரவில்தான் வருகிறது. 2021 ஜூலைக் கலவரத்தின் காயம் இன்னும் ஆறாத ஊர் நம்முடையது. வாயால் சொன்ன இனவசைக்கே 2018இல் இந்த நாட்டில் சிறைத் தண்டனை விதித்திருக்கிறார்கள்.

பந்தயம் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். லீகின் பெயரிலேயே பந்தய நிறுவனம் இருக்கும் காலம் இது. 80ஆவது நிமிடத்தில் முன்னணி அணிக்கு 1.10 விகிதம் கிடைக்கிறது என்று வையுங்கள். 1,000 ராண்ட் கட்டினால் லாபம் 100 ராண்ட். ஒரு கோல் விழுந்தால் 1,000 போனது, அதை மீட்க அதே மாதிரி பத்துத் தடவை ஜெயிக்க வேண்டும். போனதைப் பிடிக்க நள்ளிரவில் ஏவியேட்டர் என்னும் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறார்கள், மாதக் கடைசியில் வாடகைக்குத் திண்டாடுகிறார்கள். சூதாட்ட உதவி எண் 0800 006 008. வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் விளையாட்டுப் பேச்சு என்று எடுக்காமல் பக்கத்தில் இருங்கள். அதற்கான எண் 0800 567 567.

ஆட்டத்தை அன்றிரவே திரும்பப் பார்க்க வேண்டாம். மூன்றாம் நாள் கூடி, 70ஆவது நிமிடத்திலிருந்து முடிவு வரை ஒரே ஒரு தடவை பாருங்கள். நம் தடுப்பு வரிசை எத்தனை கெஜம் பின்வாங்கியது, அடித்து விரட்டிய பந்து யாரிடம் விழுந்தது, ஓரத்திலிருந்து கோல் முன்னால் எத்தனை கிராஸ் வந்தது என்று தாளில் குறியுங்கள். பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரியும். முன்வரிசை ஆட்டக்காரரை எடுத்துவிட்டுத் தடுப்பாளரை இறக்கியிருப்பார்கள். முன்னால் பந்தைப் பிடித்துவைக்க ஆள் இல்லாததால், விரட்டிய பந்து பத்து நொடியில் திரும்பி வந்திருக்கும். கடைசி நிமிடத்தில் வழுக்கிய பையன் மேல் மட்டும் பழி போட அதற்குப் பிறகு மனம் வராது. சுற்றில் இன்னும் ஆட்டம் பாக்கி இருந்தால் அன்றே பஸ் பட்டியலைத் திறந்துவிடுங்கள்.

பொருளாளர்களுக்குத் தனியாக ஒன்று. வெற்றி விருந்துக்கு வாங்கிய பணத்தை ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள், அல்லது அடுத்த பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். ரசீதுப் புத்தகத்தைக் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள். தோல்விக்குப் பிறகு கிளைகள் உடைவது பெரும்பாலும் இந்தப் பணத்தால்தான், அதுவும் 50 ராண்ட், 100 ராண்டுக்காக.

அன்புடன்,
உங்களோடு கொடி பிடிக்கும் டர்பன் ரசிகர்கள்