கார் லிப்ட் தரச்சான்றுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வீட்டுக் கராஜுக்கென விற்கப்படும், காரைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் எந்திரங்களான கார் லிப்ட்களின் நிலநடுக்கப் பாதுகாப்பு குறித்து என்னைப் போன்றவர்கள் தங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறோம். ஆகவே முன்கதையை மீண்டும் விரிக்கவில்லை. அண்மையில் வந்த ஒரு லேசான அதிர்வுக்குப் பிறகு, என் இரட்டைத் தூண் லிப்டில் உயர்த்தி நிறுத்தியிருந்த காரின் அடியில், அதைத் தாங்கும் ரப்பர் பேட்களில் ஒன்று விரற்கடை அளவு விலகியிருந்தது. அலமாரியில் ஒரு குவளைகூட உருளாத அதிர்வு அது. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

தாங்கள் சான்று வழங்கும் முன் லிப்டின் மீது அனுமதித்த எடையைவிடக் கூடுதல் பாரத்தை ஏற்றிச் சோதிக்கிறீர்கள் என்பதை அறிவேன். அந்தப் பாரம் நேர் கீழாக அழுத்துகிறது; பூமியோ பக்கவாட்டில் உலுக்குகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார், சக்கரங்கள் ஆளுயரத்தில் இருக்கும்படி நிற்கிறது என்று கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு அளவுக்குப் பக்கவாட்டு முடுக்கம் வந்தால், அந்த உயரத்தில் சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். அது காரின் நீளவாக்கில் தள்ளினால், தூணின் அடியில் உள்ள, அரை மீட்டர் அகலம்கூட இல்லாத அடித்தகட்டைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்களில் ஒரு பக்கத்தவற்றைத் தரையிலிருந்து பிடுங்கும் இழுவிசை, தூண் ஒன்றுக்கு ஒரு டன்னைத் தாண்டிவிடும். அந்தப் போல்ட்கள் இறங்கியிருப்பதோ நான்கு அங்குலக் கான்கிரீட்டில். அதிர்வில் துளையின் குறுக்கே ஒரு விரிசல் ஓடினால், விரிந்து பிடிக்கும் வகைப் போல்ட் பிடியை இழக்கும். விரிசல் விட்ட கான்கிரீட்டுக்கென்றே சோதித்துத் தேர்ந்த போல்ட்கள் சந்தையில் இருந்தும், என் லிப்டோடு வந்த பெட்டியில் எந்த வகை இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை.

இனி, நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கையேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: நிலநடுக்கப் பகுதியில் உள்ளவர்கள் தகுதிவாய்ந்த பொறியாளரைக் கலந்துகொள்ளவும். கலந்துகொண்டேன். அவர் லிப்டின் எடை, அடித்தகட்டின் வரைபடம், தூணின் எஃகுத் தரம், போல்ட் ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய விசை ஆகியவற்றைக் கேட்டார்; நியாயமான கேள்விகள். உற்பத்தியாளருக்கு எழுதினேன். அவை நிறுவனத்தின் இரகசியத் தகவல்கள் என்றும், தகுதிவாய்ந்த பொறியாளரைக் கலந்துகொள்ளுமாறும் பதில் வந்தது. எண்கள் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் பொறியாளர்; கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு என்கிறது நிறுவனம். லிப்டின் பக்கவாட்டில் தங்கள் சான்று வில்லை மட்டும் பளபளவென்று ஒட்டியிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை: வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் எந்த லிப்டுக்கும், மேற்சொன்ன எண்களையும், எந்த அளவு பக்கவாட்டு முடுக்கம் வரை அது தாங்கும் என்பதையும் உற்பத்தியாளர் ஒரு விவரத்தாளில் பகிரங்கமாக வெளியிட்டால் ஒழியச் சான்று வழங்காதீர்கள்.

பட்டறையில் வாகனம் மேலே இருப்பது வேலை நடக்கும் சில மணி நேரம். வீட்டிலோ, இடம் மிச்சப்படுத்த ஒரு காரை மேலே ஏற்றி, அதன் கீழே இன்னொன்றை நிறுத்தி, மாதக்கணக்கில் அப்படியே விட்டு வைக்கிறார்கள். பட்டறையைவிட வீட்டில்தான் நிலநடுக்கம் வரும்போது கார் உயரத்தில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைக் கணக்குப் போட்டு விளக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜை 1994இல் உலுக்கிய நிலநடுக்கம் அதிகாலை 4:31க்கும், ஜப்பானின் கோபேயை 1995இல் உலுக்கியது அதிகாலை 5:46க்கும் வந்தன. எல்லா நிலநடுக்கமும் நாங்கள் படுக்கையில் இருக்கும்போதே வந்து போய்விடும் என்று குழு கருதுகிறதோ என்னவோ! 1989இல் கலிபோர்னியாவின் லோமா பிரியெட்டா நிலநடுக்கம் மாலை 5:04க்கு வந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் கராஜுக்குள் நுழையும் நேரம். கலிபோர்னியாவில் வெந்நீர்க் கொதிகலனைக்கூடப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குழந்தைகளின் சைக்கிளுக்கு மேலே ஒன்றரை டன் காரை நிறுத்துவதற்கு, கையேட்டில் ஒரு வரி போதும்போலும்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான்கு தூண் லிப்ட்களைப் பற்றியும் ஒரு சொல்: அவற்றில் பலவற்றைத் தரையோடு பொருத்தாமலே பயன்படுத்தலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள், நகர்த்துவதற்குச் சக்கரங்களும் தருகிறார்கள். நில அதிர்வுள்ள பகுதிகளுக்கு அந்தச் சலுகை பொருந்துமா, பொருந்தாதா என்பதையும் அதே விவரத்தாளில் எழுதச் சொல்லுங்கள்.

புதிதாக ஒரு ஆராய்ச்சி செய்யும்படி நான் கேட்கவில்லை. தூணை வடிவமைத்தவரிடம் இந்த எண்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் சான்று எதற்கு வழங்கப்பட்டது என்ற கேள்வி எழும். விவரத்தாளைக் கட்டாயமாக்கத் தங்களுக்கு விருப்பம் உண்டா, உண்டென்றால் எப்போது என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை என் கார் தரையில்தான் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் சான்றை நம்பி லிப்ட் வாங்கியவர்களில் ஒருவர்