முதலில் டாக்டர், பிறகு கூட்டம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பாலர் பள்ளிக்குப் போகும் கதையை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசி மூன்று வரியில் அடைத்திருக்கிறாய். நீ மாறவே இல்லை.

அந்த மூன்று வரியில் “காலையில் கை நடுங்குகிறது, ஊருக்கு வருவதற்குள் குடியை ஒரேயடியாக நிறுத்திவிடுகிறேன்” என்று ஒன்று. அதற்குத்தான் முதல் பதில்: நீயாக நிறுத்தாதே. வருஷக் கணக்கில் தினமும் ஊற்றி மூளையை மந்தமாக வைத்திருந்தால், அதுவும் ஈடுகட்டத் துடிப்பைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். சரக்கை வெடுக்கென்று நிறுத்தினால் அந்தத் துடிப்புக்குக் கடிவாளம் இல்லை. ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போனவர்கள் உண்டு. இதில் வைராக்கியத்துக்கு வேலையில்லை. பினாங்கிலேயே, இந்த வாரமே, டாக்டரிடம் போய் எவ்வளவு குடிக்கிறாய் என்று குறைக்காமல் சொல். மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், விட்டமின் பி1 சேர்த்துக் கொடுப்பார்கள்.

இங்கே சிங்கப்பூருக்கு வந்த பிறகு பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்துக்குப் போகலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 2008இலிருந்து அங்கே தனிப் பிரிவு இருக்கிறது, நாம்ஸ் என்பார்கள். மனநலக் கழகம் என்றதும் முகம் சுளிக்காதே, உன் வீட்டுக்காரி வசந்தாவிடம் காட்ட வேண்டிய முகத்தை என்னிடம் காட்டாதே.

இனி நீ கேட்ட கூட்டம். நான் போவது ஏஏ, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடியில் மூழ்கியவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள், அங்கிருந்து வளர்ந்தது. சேர நிபந்தனை ஒன்றுதான்: குடியை விட வேண்டும் என்ற ஆசை. படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது. நடுவில் ஒரு பை சுற்றி வரும், இஷ்டப்பட்டவர் போடலாம். அறை வாடகையும் காப்பியும் அதில்தான்.

“சர்ச் சமாசாரமா?” என்று கேட்டாய். சில கூட்டங்கள் சர்ச்சின் பக்கத்து அறையில் நடப்பதால் அப்படித் தோன்றும். கடவுள் பேச்சு வரும், மறைக்கவில்லை. ஆனால் ‘நாம் புரிந்துகொண்ட கடவுள்’ என்றுதான் குடியை விட அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு முருகன். இன்னொருவருக்கு அந்த அறையில் கூடும் ஆட்களே கடவுள்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறு. பேசி முடித்ததும் “தேங்க்யூ, மணியம்” என்பார்கள். அவ்வளவுதான். அடுத்தவர் தன் கதையைத் தொடங்கிவிடுவார். ஒருவரும் புத்தி சொல்வதில்லை, குறுக்கே பேசுவதில்லை. நம் ஆட்களிடம் குடிகாரன் என்று பெயர் வாங்கியவனுக்குப் புத்திமதிக்கா பஞ்சம்? மாமனார், மச்சான், கோயில் கமிட்டி, லிஃப்ட்டில் பார்க்கும் மூன்றாம் மாடிக்காரர் வரை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பதில் எதிர்பார்க்காமல் காது கொடுக்கும் ஆட்களை நான் அங்கேதான் பார்த்தேன். நான் போகும் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆத்திரம் வந்தால் எனக்குத் தமிழ் வந்துவிடும், யாரும் கண்டுகொள்வதில்லை.

ஏஏ சிங்கப்பூர் இணையத்தளத்தில் எந்தக் கிழமை, எந்த இடம் என்று பட்டியல் இருக்கும். ‘ஓப்பன்’ என்று போட்டிருந்தால் வசந்தாவும் வரலாம், ‘குளோஸ்ட்’ என்றால் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். ஒன்று சொல்கிறேன், இது என் சொந்த அபிப்பிராயம்: வீட்டுக்குப் பக்கத்தில் தேடாதே. முழுப் பெயர் வேண்டாம், கூப்பிடும் பெயர் மட்டும் போதும், கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பதெல்லாம் வழக்கம்தான். ஆனாலும் ஈசூனில் தும்மினால் தேக்காவில் ‘நூறு ஆயுசு’ என்கிற சமூகம் நம்முடையது. எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போகும் இடமாகப் பார். மனசு ஆற அந்தப் பயணமும் உதவும்.

வசந்தாவுக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது, 1951இல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகத் தொடங்கியது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அவள் போகலாம். அதை அவளிடம் நீயே சொல்.

தேக்காக் கூட்டாளிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2015 மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு சனி, ஞாயிறுகளில் அங்கே வெளியிடத்தில் குடிக்க முடியாது. திடலில் கூடுவது நின்றது, குடி நிற்கவில்லை. முத்து இப்போது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும் யோசனை இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போடு.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் வந்துவிடு. ஈசூன் கோயிலில் இந்த முறை என் தம்பி மகன் காவடி எடுக்கிறான். டாக்டர் என்ன சொன்னார் என்று வாட்ஸ்அப்பில் எழுது, கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். உள்ளே நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் சரி, ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

உன்
மணியம்